சென்னைக் குழாய்நீர்: மாசும் பாதுகாப்பும்

ஏரி, ஆற்றுக் கால்வாய், கடல் ஆகியவற்றிலிருந்து எடுத்துச் சுத்திகரித்து, சென்னைப் பெருநகர்க் குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீரகற்று வாரியம் வீடுகளுக்கு அனுப்பும் நீரே சென்னைக் குழாய்நீர். 1978இல் அமைந்த இவ்வாரியத்தை மக்கள் மெட்ரோ வாட்டர் என்பர். நகருக்கு நீர் வந்த வழி மாறியபோதெல்லாம் அதில் மாசு சேரும் இடமும் மாறியது. இன்று பெரும்பகுதி மாசு சேர்வது சுத்திகரிப்பு நிலையத்தைத் தாண்டிய பிறகுதான்.

ஒழுங்கான முதல் ஏற்பாடு 1772இல் புனித ஜார்ஜ் கோட்டைக்காகத் திட்டமிடப்பட்டது. கோட்டைக்கு வடக்கே தோண்டிய கிணறுகளிலிருந்து நாளொன்றுக்குச் சுமார் 6.35 லட்சம் லிட்டர் நீர் சென்றது. அந்தப் பகுதிக்கு இன்றும் ஏழுகிணறு என்றே பெயர். கோட்டைக்கு வெளியே இருந்தவர்கள் ஆழமில்லாத கிணறுகளையும் குளங்களையும் நம்பியிருந்தனர்.

1872இல் பொறியாளர் பிரேசரின் திட்டம் நிறைவேறியது. தாமரைப்பாக்கத்தில் அணை கட்டிக் கொசஸ்தலையாற்று நீரைச் சோழவரம் வழியாகச் செங்குன்றம் ஏரிக்குத் திருப்பினர். அங்கிருந்து திறந்த மண் கால்வாயில் கீழ்ப்பாக்கம் வந்த நீர் வார்ப்பிரும்புக் குழாய்களில் நகருக்குள் பிரிந்தது. வடிகட்டும் வேலை எங்கும் நடக்கவில்லை. ராபர்ட் கோக் கல்கத்தாவில் காலராக் கிருமியைப் பிரித்தெடுத்துக் காட்டியது 1884இல்தான் என்பதால், வழியில் கலந்த அழுக்கு எவ்வளவு ஆபத்தானது என்பது அன்று முழுதாகத் தெரிந்திருக்கவும் இல்லை. எனினும் சென்னைக்குக் குழாய் வந்த பின் நல்ல தண்ணீர் வருவதற்கு 40 ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

அந்த மாற்றத்தைக் கொண்டுவந்தவர் மாநகராட்சியின் தனிப் பொறியாளர் ஜே. டபிள்யூ. மேட்லி. தியாகராய நகரின் மேட்லி சாலை இவர் பெயரைத் தாங்கியது. மண் கால்வாய்க்குப் பதிலாக மூடிய செங்கல் கால்வாய், கீழ்ப்பாக்கத்தில் நீரேற்று நிலையம், மெதுமணல் வடிகட்டிகள் ஆகியவை இவர் திட்டத்தில் அடங்கும்; 1914இல் அவை நடைமுறைக்கு வந்தன. மெதுமணல் வடிகட்டியில் மணலின் மேற்பரப்பில் நுண்ணுயிர்கள் மெல்லிய ஏடாகப் படர்ந்து, நீரிலுள்ள கிருமிகளைப் பிடித்து அழிக்கின்றன. 1961இல் 6.6 லட்சம் பேர் இருப்பார்கள் என்று கணக்கிட்டு மேட்லி திட்டம் தீட்டினார். அந்த ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கில் நகரவாசிகள் 17 லட்சத்தைத் தாண்டிவிட்டனர். பூண்டி நீர்த்தேக்கம் 1944இல் சேர்ந்தும் போதவில்லை.

குழாய்நீரின் தரக்கேட்டுக்கு இந்தப் பற்றாக்குறையே தாய். நாள் முழுதும் நீர் ஓடும் குழாயில் உள்ளழுத்தம் இருப்பதால், விரிசல் இருந்தால் நீர் வெளியே கசியுமே தவிர வெளி அழுக்கு உள்ளே வராது. சில மணி நேரம் மட்டும் நீர்விடும் ஊரில் மீதி நேரம் குழாய் காலியாகக் கிடக்கிறது. பக்கத்தில் ஓடும் சாக்கடைக் குழாயின் கசிவு அப்போது இணைப்புகள் வழியே நுழைகிறது. அழுத்தம் குறைந்த தெருக்களில் வீட்டுக்கு வீடு நிற்கும் அடி பம்பும், திருட்டுத்தனமாகப் பொருத்தும் மோட்டாரும் குழாயை உறிஞ்சி இதை இன்னும் மோசமாக்குகின்றன. துருப்பிடித்த பழைய இரும்புக் குழாய்களிலிருந்து செம்பழுப்பு நிறமும் வருகிறது. மாசுபட்ட நீரால் பரவும் காலராக் கிருமியின் ஓ139 என்ற புதிய வகை 1992இல் முதலில் கண்டறியப்பட்டதும் சென்னையில்தான். பின்னர் அது வங்காளத்துக்கும் வங்கதேசத்துக்கும் பரவியது.

உப்பின் கதை வேறு. வடக்கே மீஞ்சூர்ப் பக்கத்துக் கிணறுகளிலிருந்து 1960களின் இறுதி முதல் நகருக்கும் ஆலைகளுக்கும் அளவுக்கு மீறி இறைத்ததில் கடல்நீர் நிலத்தடியில் பல கிலோமீட்டர் உள்ளே புகுந்தது. நிலத்தடி நீர் எடுப்பதைக் கட்டுப்படுத்த 1987இல் தனிச் சட்டம் வந்தது; 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது.

பற்றாக்குறையைக் குறைக்கக் கிருஷ்ணா ஆற்று நீர் 1996இலும் வீராணம் ஏரி நீர் 2004இலும் வந்தன. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் மீஞ்சூரில் 2010இலும் நெம்மேலியில் 2013இலும் தொடங்கின. இவ்வாலைகளில் கிருமிப் பயம் குறைவு. ஆனால் கடல்நீரில் லிட்டருக்கு 4 முதல் 5 மில்லிகிராம் வரை உள்ள போரான் சவ்வு வடிகட்டியில் உப்பைவிட எளிதாகத் தப்பிவிடும். 2019 ஜூனில் ஏரிகள் வறண்டபோது சிக்கராயபுரம் கல்குவாரி நீரும் சுத்திகரித்து வழங்கப்பட்டது.

அதே ஆண்டு நவம்பரில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஆய்வு முடிவு வெளியானது. மும்பை மாதிரிகள் எல்லா அளவுகோலிலும் தேறின. சென்னையில் எடுத்த மாதிரிகளில் ஒன்றுகூட முழுதாகத் தேறவில்லை. சென்னையில் எடுத்தவை பத்துதான் என்பதால் ஒரு பெருநகருக்கு அது சிறு கணக்கு என்பது உண்மையே. ஆனால் அதைவிடக் கவனிக்க வேண்டியது, விலைக்கு விற்கும் புட்டித் தண்ணீருக்குக் கட்டாயமாயிருந்த தரக் கட்டுப்பாடு குழாய்நீருக்கு அன்று விருப்பத்தைப் பொறுத்ததாக இருந்ததே. காசு கொடுத்து வாங்க முடியாதவர் குடிக்கும் நீருக்குத்தான் சட்டக் காவல் குறைவாயிருந்தது.

இந்தியத் தரப்படி (ஐ.எஸ். 10500) 100 மில்லிலிட்டர் குடிநீரில் ஈ-கோலை இருக்கவே கூடாது, குழாய் முனையில் குறைந்தது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும். ஆகவே லேசான குளோரின் வாசம் குறையன்று, அது இல்லாமற்போவதே எச்சரிக்கை. கரிமக் கழிவுடன் குளோரின் சேரும்போது டிரைஹாலோமீத்தேன்கள் என்ற தீங்கான சேர்மங்கள் உண்டாவது மெய். ஆயினும் கிருமியால் வரும் ஆபத்தோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறிது.

நிலையத்திலிருந்து கிளம்பும் நீரை நம்பலாம். வீட்டுக்குள் வந்த நீரை அப்படியே குடிக்கக் கூடாது. வீட்டின் நிலத்தடித் தொட்டியான கழுவப்படாத சம்ப்பும், அதில் கலக்கும் போர்வெல் நீரும் வாரியத்தின் கையில் இல்லை. கொதிக்க வைத்தால் கிருமிகள் சாகும். உப்பும் நைட்ரேட்டும் குறையா. நீரில் சாக்கடை நாற்றம் வந்தால் கொதிக்க வைத்தும் குடிக்க வேண்டாம், உடனே பகுதி அலுவலகத்தில் புகார் கொடுங்கள்.