திரும்பிவரும் குரல்: காணொலி ரேக்கின் உள்ளிருந்து ஒரு சிறு வரலாறு

நீதிமன்றம், ஆட்சியர் அலுவலகம், பல்கலைக்கழகம் என எந்த இடமாயினும், காணொலி வசதி அமைந்த கூடத்திற்குள் நுழைபவரின் கண்ணில் முதலில் படுவது திரை, அடுத்தது கேமரா. இவ்விரண்டையும் இயக்கும் கருவிகள் பெரும்பாலும் அறையின் மூலையிலோ பக்கத்து அறையிலோ பூட்டிய இரும்புச் சட்டகம் ஒன்றில் அடுக்கப்பட்டிருக்கும். 'ரேக்' என்று வழங்கும் அச்சட்டகத்தின் அடியில் கனமான யு.பி.எஸ்.; அதன் மேல் ஒலிபெருக்கிகளுக்கு ஆற்றல் தரும் ஆம்ப்ளிஃபையர்; நடுவே படத்தையும் ஒலியையும் சுருக்கி அனுப்பும் கோடெக்; அதையொட்டி ஒலிச் செயலி; மேல்தட்டில் வலையமைப்பு ஸ்விட்ச். காணொலியின் வரலாறு பெரும்பாலும் படத்தின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஆனால் இச்சட்டகத்தைத் திறந்து ஒவ்வொரு கருவியின் பிறப்பையும் தேடிச் சென்றால் வேறொரு வரலாறு புலப்படும். தொலைவிலிருப்பவரின் குரல் சிதையாமல் திரும்பிவருவதற்கான ஏற்பாடே மிகுந்த உழைப்பைக் கோரியது. பல இடங்களில் அதுவே தாமதமாகவும் வந்து சேர்ந்தது. இந்தியாவில் இது தொழில்நுட்பத்தோடு முடிந்துவிடும் செய்தியன்று. நீதிமன்றத்தில் 'முன்னிலை' என்னும் சொல்லின் பொருளே இன்று இதைச் சார்ந்திருக்கிறது.

முதலில் சட்டகம். இன்று உலகெங்கும் கணினி மையங்களிலும் ஒலிப்பதிவுக் கூடங்களிலும் வழங்கும் 19 அங்குல ரேக்கின் முகப்பகலம் 482.6 மில்லிமீட்டர். அதில் பொருத்தும் கருவிகளின் உயரம் 'யு' என்னும் அலகால் அளக்கப்படும். ஒரு யு என்பது 1.75 அங்குலம், அதாவது 44.45 மில்லிமீட்டர். இவ்வளவைகளை 1922ஆம் ஆண்டளவில் நிலைப்படுத்தியது அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஏ.டி. அண்ட் டி. நெடுந்தொலைவு செல்லும் குரல் இடைவழியில் மெலிந்துவிடும். அதை மீண்டும் வலுப்படுத்தும் கருவிகள் தொலைபேசி நிலையங்களில் பெரும் இடத்தை அடைத்துக்கொண்டன. அந்த நெருக்கடியைத் தீர்க்கவே இவ்வளவைகள் வகுக்கப்பட்டன. ஆக, இன்று காணொலிக் கருவிகளைத் தாங்கும் சட்டகம் குரலைச் சுமப்பதற்காகவே முதலில் உருவானது.

படம் அதன்பின் வந்தது. 1927 ஏப்ரல் 7 அன்று பெல் ஆய்வகத்தினர் வாஷிங்டனிலிருந்து நியூயார்க்கிற்குக் கம்பிவழியே அசையும் படத்தை அனுப்பிக் காட்டினர். வாஷிங்டனில் பேசியவர் அன்றைய வணிகத்துறைச் செயலாளர் ஹெர்பர்ட் ஹூவர். அவர் முகம் நியூயார்க்கில் தெரிந்தது. நியூயார்க்கில் இருந்தவர்களின் முகம் அவருக்குத் தெரியவில்லை. குரல் மட்டும் இருபுறமும் சென்றது. 1930இல் இருவழிப் படமும் நியூயார்க் நகருக்குள் கைகூடியது. 1936இல் பெர்லினுக்கும் லைப்சிக்குக்கும் இடையே பொதுமக்கள் கட்டணம் செலுத்திப் பயன்படுத்தத்தக்க காட்சித் தொலைபேசிச் சேவை தொடங்கிற்று. 1964இன் நியூயார்க் உலகக் கண்காட்சியில் காட்டப்பட்ட 'பிக்சர்ஃபோன்' 1970இல் பிட்ஸ்பர்க் நகரில் வணிகச் சேவையானது. போதிய வாடிக்கையாளர்கள் கிடைக்காமல் தோற்றது. அலைவடிவிலான படத்தை அப்படியே அனுப்புவதற்கான செலவு அத்தோல்விக்கு ஒரு முக்கியக் காரணம்.

அச்செலவைக் குறைத்தது ரேக்கின் நடுவில் இருக்கும் கோடெக். 1988 முதல் 1990 வரையான காலத்தில் உருப்பெற்ற எச்.261 தரம், 352 புள்ளி அகலமும் 288 புள்ளி உயரமும் கொண்ட படத்தை 64 கிலோபிட்டின் மடங்குகளாக அமைந்த தொலைபேசித் தடங்களில் அனுப்ப வழிசெய்தது. அளவில் சிறியதான இப்படத்தையே சுருக்காமல் நொடிக்கு 30 சட்டங்கள் வீதம் அனுப்பினால் நொடிக்கு ஏறத்தாழ 36 மெகாபிட் தேவைப்படும். ஆறு தடங்களைச் சேர்த்தாலும் கிடைப்பது 384 கிலோபிட்தான். ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்காகப் படத்தைச் சுருக்கியாக வேண்டும். அதைச் செய்த கணிதத்தின் பெயர் தனிநிலைக் கொசைன் உருமாற்றம். பெங்களூரில் பிறந்து அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகியோருடன் சேர்ந்து 1974 ஜனவரியில் இதை வெளியிட்டார். அதற்கு ஈராண்டுகள் முன்னர் இவ்வாய்வுக்கு நிதி கேட்டு அகமது விண்ணப்பித்தபோது அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை அதை ஏற்கவில்லை. படத்தை 8×8 புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரித்து, கண் எளிதில் கவனிக்காத நுண்விவரங்களைத் துறந்துவிடும் அம்முறையே பிற்காலக் கோடெக்குகள் பலவற்றுக்கும் அடிப்படையாயிற்று.

கண்ணை ஏமாற்றுவது இவ்வாறு எளிதாயிற்று. காதை ஏமாற்றுவது எளிதாக இல்லை. ரேக்கில் அதிகம் பேசப்படாத ஒலிச் செயலியின் கதை இங்கே தொடங்குகிறது.

தொலைதூரத் தொலைபேசித் தடத்தில் செல்வதற்கும் வருவதற்கும் தனித்தனி வழிகள் உண்டு. வீட்டு இணைப்பிலோ இரண்டும் ஒரே இணைக் கம்பியில் ஓடும். இவ்விரு அமைப்பும் சந்திக்கும் இடத்தில் வந்த குரலின் ஒரு பகுதி கசிந்து திரும்பும். பேசியவருக்கே அது எதிரொலியாகக் கேட்கும். இதைத் தடுக்கப் பழைய பொறியாளர்கள் கையாண்ட கருவி எதிரொலி அடக்கி. ஒருவர் பேசும்போது எதிர்த்திசை வழியை அது மூடிவிடும். விளைவு, இருவர் ஒரே நேரத்தில் பேச இயலாது. இடைமறித்து ஒரு சொல் சொல்ல முயல்பவரின் குரல் அறுந்துபோகும். 1965இல் வணிகச் செயற்கைக்கோள் தொடர்பு தொடங்கியபோது இக்குறை பெரிதாயிற்று. ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்திலுள்ள செயற்கைக்கோள் வழியாகக் குரல் மறுமுனையை அடையவே கால் நொடி ஆகும். எதிரொலி திரும்பிவர அரை நொடி. அத்தகைய தடத்தில் அடக்கி உரையாடலையே குலைத்தது.

இதற்கு மாற்றாக பெல் ஆய்வகத்தில் ஜான் கெல்லி முன்வைத்த யோசனை, வழியை மூடாமல் எதிரொலியை மட்டும் கணித்துக் கழித்துவிடுவது. அக்கணிப்புக்குப் பேச்சையே சோதனைக் குறிகையாகக் கொள்வது. 1967 மார்ச்சில் தகவமைவு எதிரொலி நீக்கியைப் பற்றிய அடிப்படைக் கட்டுரையை வெளியிட்டவர் மன் மோகன் சோந்தி. தில்லிப் பல்கலைக்கழகத்திலும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலும் பயின்று, 1962இல் பெல் ஆய்வகத்தில் சேர்ந்தவர் அவர். அடக்கியிலிருந்து நீக்கிக்கு நகர்ந்ததை வெறும் செயல்திறன் முன்னேற்றமாகக் கொள்வது போதாது. முதற்கருவி, எந்தப் பக்கம் உரத்து ஒலிக்கிறதோ அதற்கு வழியைக் கொடுத்தது. இரண்டாவது கருவி இருவருக்கும் வழியைத் திறந்து வைத்தது. உரையாடலில் குறுக்கிடும் உரிமை ஒரு மின்சுற்றில் முதன்முதலாக எழுதப்பட்டது எனலாம்.

காணொலிக் கூடத்தில் சிக்கல் இன்னும் கடினம். மறுமுனையின் குரல் ஒலிபெருக்கியில் வெளிப்பட்டு, சுவரிலும் கூரையிலும் மேசையிலும் மோதி, அறையின் ஒலிவாங்கிகளில் மீண்டும் புகும். தொலைபேசித் தடத்தில் 32 மில்லிநொடி நீளும் எதிரொலியைக் கணிக்க, நொடிக்கு 8,000 மாதிரிகள் என்றால், 256 எண்கள் போதும். அறை எதிரொலியை 200 மில்லிநொடிவரை, நொடிக்கு 16,000 மாதிரிகள் வீதம் கணிக்க 3,200 எண்கள் வேண்டும். எதிரொலியைக் கணிப்பதற்கு மட்டுமே நொடிக்கு ஐந்து கோடிக்கும் மேற்பட்ட பெருக்கல்கள் ஆகும். யாரேனும் எழுந்து நடந்தாலோ கதவைத் திறந்தாலோ அறையின் ஒலிப்பண்பு மாறும். கணக்கைப் புதுப்பித்தாக வேண்டும். இருபுறமும் ஒருசேரப் பேசினால் கணக்கு குழம்பும் என்பதால் அத்தருணத்தைக் கண்டறிந்து புதுப்பித்தலை நிறுத்தி வைக்கவும் வேண்டும். பல ஒலிவாங்கிகள் கொண்ட கூடங்களின் ரேக்கில் ஒலிச் செயலி தனித்தட்டில் அமர்வதற்குக் காரணம் இதுவே. அதன் கம்பி இணைப்பில் ஒரு விதி உண்டு: ஒவ்வொரு முனைக்கும் அம்முனையின் சொந்தக் குரலை விலக்கி மற்ற எல்லாவற்றையும் அனுப்ப வேண்டும். இது தவறினால், எத்தனை விலையுயர்ந்த கேமரா இருந்தும், மறுமுனையில் இருப்பவர் தம் குரலோடு தாமே மோதித் திக்கித் திணறுவார்.

எதிரொலி நீங்கினாலும் குரல் முழுமையாக வந்து சேர்கிறதா என்பது அடுத்த வினா. தொலைபேசிக் குரல் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையே அடங்கும், 1972இன் ஜி.711 தரம் இவ்வெல்லைக்குள் பிறந்தது. 1990இல் வந்த எச்.320 காணொலித் தரமும் இதையே கட்டாயக் குறைந்தபட்சமாக ஏற்றது. உயிரொலிகளை அடையாளம் காண இவ்வெல்லை பெரிதும் போதும். 'ஸ' போன்ற உரசொலியின் ஆற்றலோ பெரும்பகுதி 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலே குவிந்திருக்கிறது. இந்தியில் 'ஸால்' என்றால் ஆண்டு. 'ஷால்' என்றால் சால்வை. தொடரின் துணையால் கேட்பவர் இத்தகைய இணைகளைப் பிரித்துவிடுவார். ஆனால் ஆட்பெயருக்கும் ஊர்ப்பெயருக்கும் தொடரின் துணை கிடையாது. சாட்சியத்தில் நிறைந்திருப்பவையோ அவையே. 1988இன் ஜி.722 தரம் எல்லையை 7,000 ஹெர்ட்ஸுக்கு உயர்த்தியது. ஒரு கூடம் எந்த எல்லையில் பேசுகிறது என்பதைத் திரையைப் பார்த்து யாரும் அறிய முடியாது.

பல முனைகள் சேரும்போது இன்னொரு கருவி வேண்டும்: பலமுனைக் கட்டுப்பாட்டுக் கருவி. அதன் வழக்கமான ஏற்பாடுகளுள் ஒன்று, யாருடைய குரல் உரத்து ஒலிக்கிறதோ அவருடைய படத்தை எல்லோருக்கும் காட்டுவது. பழைய எதிரொலி அடக்கியின் தர்க்கம் இங்கே படத்தின் வழியாக மீண்டும் நுழைகிறது. மெல்லப் பேசுபவர் திரையிலும் இடம் பெறுவதில்லை. தவிர, ஒலியை முடக்கும் அதிகாரம் பொதுவாக மையத்தின் கையில் இருக்கிறது.

மையத்திற்கும் விளிம்புக்கும் இடையிலான இந்தச் சமமின்மையை இந்தியா இக்கருவிகளுக்கு முன்பே அறிந்திருந்தது. 1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை நடந்த செயற்கைக்கோள் வழிக் கல்வித் தொலைக்காட்சிச் சோதனை, ஆறு மாநிலங்களின் ஏறத்தாழ 2,400 சிற்றூர்களுக்கு நேரடியாக ஒளிபரப்பியது. ஒரு படத்தோடு இரண்டு ஒலித்தடங்கள் சென்றதால் ஒரே காட்சியை இரு மொழிகளில் கேட்பிக்க முடிந்தது. மொழிப்பன்மைக்கு அது தந்த இடம் போற்றத்தக்கது. ஆயினும் ஊர்மக்கள் ஒளிபரப்பின்போதே திருப்பிப் பேச அதில் வழியில்லை. 1990களில் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இஸ்ரோவும் வளர்த்த தொலைக்கல்வி முறை 'ஒருவழிப் படம், இருவழிக் குரல்' என்பது. 1927இல் ஹூவர் அமர்ந்திருந்த அதே ஏற்பாடு, ஆசிரியரின் இருக்கையில். 1996 நவம்பரில் மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா மாவட்டத்தில் இஸ்ரோ தொடங்கிய வளர்ச்சித் தொடர்புத் திட்டத்தில், கேட்கும் முனையங்கள் 150 சிற்றூர்களில் அமைந்தன. திருப்பிப் பேசும் முனையங்கள் 12, ஒன்றியத் தலைமையிடங்களில். பழங்குடி மக்கள் மிகுந்த அம்மாவட்டத்தில் ஒருவர் கேள்வி கேட்க வேண்டுமென்றால் தம் ஊரை விட்டுப் புறப்பட வேண்டும். கேட்கும் கருவி மலிவு, பேசும் கருவி விலை மிகுதி என்பதே காரணம். உள்நோக்கம் எதையும் தேட வேண்டியதில்லை. ஆனால் விலைப்பட்டியல் வகுத்த எல்லையும் எல்லைதான்.

இந்தப் பின்புலத்தில் நீதிமன்றங்களைப் பார்க்க வேண்டும். மகாராஷ்டிர அரசுக்கும் பிரபுல் தேசாய்க்கும் இடையிலான வழக்கில், இந்தியாவுக்கு வர இயலாத அமெரிக்க மருத்துவர் ஒருவரின் சாட்சியத்தைக் காணொலியில் பதியலாமா என்ற வினா எழுந்தது. குற்றஞ்சாட்டப்பட்டவரின் 'முன்னிலை' உடலளவிலான முன்னிலையாகவே இருக்கத் தேவையில்லை என்று 2003 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2008ஆம் ஆண்டின் திருத்தம், நீதிமன்றக் காவலை நீட்டிக்கும்போது சிறையிலிருப்பவரைக் காணொலி வழியே முன்னிலைப்படுத்தலாம் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் சேர்த்தது. 2017 அக்டோபரில் சாந்தினி எதிர் விஜய வெங்கடேஷ் வழக்கில், மணவழக்குகளின் சமரசக் கட்டத்திற்குக் காணொலி பொருந்தாது என்று பெரும்பான்மை நீதிபதிகள் கருதினர். சமரசம் கைகூடாத நிலையில், இருதரப்பும் இசைந்து கேட்டால் மட்டும் குடும்ப நீதிமன்றம் அதை அனுமதிக்கலாம் என்றனர். நீதிபதி சந்திரசூட் மாறுபட்டார். 2020 ஏப்ரல் 6இன் ஆணைக்குப் பின் பெருந்தொற்றுக் காலத்தில் பெரும்பாலும் காணொலியே நீதிமன்றமாயிற்று. 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, விசாரணை முழுவதையுமே மின்னணு முறையில் நடத்த இடமளிக்கிறது.

2003க்குப் பிந்தைய விவாதம் பெரிதும் 'காண முடிகிறதா' என்பதைச் சுற்றியே நிகழ்ந்தது: சாட்சியின் முகபாவம் தெரிகிறதா, அடையாளம் உறுதியா என்று. ஆனால் சிறையின் காணொலி அறையில் அமர்ந்திருப்பவருக்கு நீதிமன்றம் என்பது அங்குள்ள ஒலிவாங்கிகள் பிடிப்பது மட்டுமே. ஒலிவாங்கிக்கு எட்டாத இடத்தில் வழக்கறிஞர்கள் தாழ்குரலில் சொல்வது அவருக்கு நிகழவே இல்லை. அவர் இடையில் ஒரு சொல் சொல்ல முயன்று அது அறுபட்டால், பதிவேட்டில் அவர் மௌனமாக இருந்தவர். உடன் வந்திருக்கும் மொழிபெயர்ப்பாளரும் அதே குறுகிய தடத்தின் வழியாகவே கேட்கிறார்.

ஆகவே 'முன்னிலை' என்பதற்குச் சட்டம் தந்த விரிந்த பொருளை மெய்ப்பிக்கும் பொறுப்பு, பூட்டிய ரேக்கின் ஒரு தட்டில் இருக்கும் ஒலிச் செயலியின் மீது விழுந்திருக்கிறது. கூடம் ஒன்றை நிறுவி முடித்ததும் மையத்திலிருந்து கேட்கப்படும் கேள்விகள் இரண்டு: "தெரிகிறதா? கேட்கிறதா?" மறுமுனை "ஆம்" என்றதும் சோதனை முடிந்துவிடுகிறது. சோந்தியின் கட்டுரை வெளிவந்து அரை நூற்றாண்டுக்கு மேலான பின்னர், சோதனை இன்னும் ஒரு படி நீள்வதே நியாயம். மையத்தில் ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே மறுமுனையில் இருப்பவர், தம் மொழியில், தம் இயல்பான குரலில், அறிமுகமற்ற ஓர் ஊர்ப்பெயரைச் சொல்லட்டும். அப்பெயரை மையம் பிழையின்றி எழுதிக்கொண்டால் அவர் அங்கே முன்னிலையில் இருக்கிறார்.