மூடி திறந்த நேரம்: குறுஞ்செய்தி நினைவூட்டல் பற்றிய ஒரு சோதனையின் மறுவாசிப்பு

ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் சிறார்கள் மாத்திரையைத் தவறாமல் உட்கொள்ளக் கைபேசி உதவாது என்று வாதிடுவோர் அனைவரும் கடைசியில் ஒரே சோதனையைத்தான் கைகாட்டுகிறார்கள். 2020-இல் ஜாமா நெட்வொர்க் ஓப்பன் இதழில் வெளியான, 444 பேரை உட்படுத்திய சமவாய்ப்புச் சோதனை அது. அதன் முடிவை நான் மறுக்கவில்லை. அந்த முடிவிலிருந்து வருவிக்கப்படும் பொருளைத்தான் ஏற்க இயலவில்லை.

சோதனையின் அமைப்பைக் கவனமாகப் பார்க்க வேண்டும். கடும் லிம்ஃபோபிளாஸ்டிக் லுக்கேமியாவின் பராமரிப்புக் கட்டத்தில் தினமும் மெர்காப்டோப்யூரின் உட்கொள்பவர்கள் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு மருந்து பற்றிய விளக்கக் கல்வி மட்டும் தரப்பட்டது. மற்றொரு பிரிவினருக்கு அந்தக் கல்வியோடு தினமும் ஒரு குறுஞ்செய்தி வந்தது. அதைக் கண்டதும் பெற்றோர் தம் கண்ணெதிரே பிள்ளையை மாத்திரை விழுங்கச் செய்ய வேண்டும். மருந்துப் புட்டியின் மூடிக்குள் ஒரு சில்லு இருந்தது. மூடி திறந்த நாளையும் நேரத்தையும் அது பதிந்துகொண்டது. நூற்றுக்கு 95 நாளாவது திறந்திருந்தால்தான் ஒழுங்கு என்று கொண்டார்கள். அதற்குக் கீழே போனால் நோய் திரும்பும் அபாயம் கூடுகிறது என 2012-இல் அதே ஆய்வுக் குழுமத்தின் முந்தைய பணி காட்டியிருந்ததால், அந்த அளவுகோலில் எனக்குப் பிணக்கு இல்லை. அந்த அளவை எட்டியவர்கள் குறுஞ்செய்திப் பிரிவில் 65 சதவீதம், கல்விப் பிரிவில் 59 சதவீதம். பி மதிப்பு 0.08. வழக்கமான வரம்பை அது தொடவில்லை. ‘நினைவூட்டல் தோற்றது’ என்ற வாசிப்பு இங்கேதான் பிறக்கிறது.

ஆனால் சோதிக்கப்பட்டது நினைவூட்டல்தானா? செய்தியும் கண்காணிப்பும் ஒரே பொட்டலமாகக் கட்டப்பட்டிருந்தன. எது எதற்குக் காரணம் என்று அந்த வடிவமைப்பால் பிரித்துக் காட்டவே முடியாது. தோல்வியைக் குறுஞ்செய்தியின் தலையில் மட்டும் சுமத்துபவர்கள், கிடைத்த சிறு பயனையும் அதன் கணக்கிலேயே வரவு வைக்க வேண்டியிருக்கும். அதை யாரும் செய்வதில்லை.

அந்தச் சிறு பயன் எங்கே விழுந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 12 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடையே சராசரி ஒழுங்கு குறுஞ்செய்திப் பிரிவில் 93.1 சதவீதம், கல்விப் பிரிவில் 90.0. அவர்களிலும் தொடக்கத்தில் 90 சதவீதத்துக்குக் கீழே இருந்தவர்களை மட்டும் எடுத்தால் இடைவெளி அகலமாகிறது: 83.4-க்கு எதிராக 74.6. இவை துருவுநிலைப் பகுப்பாய்வுகள் என்று ஆசிரியர்களே குறித்திருக்கிறார்கள். உட்பிரிவுகளைத் துழாவினால் ஏதேனும் ஒன்று கையில் சிக்கும் என்ற எச்சரிக்கையை நானும் மதிக்கிறேன். இந்த எண்களை மட்டும் கொண்டு சிகிச்சை நெறிமுறை எழுதக் கூடாது. ஆயினும் இந்த உட்பிரிவு கண்ணை மூடிக்கொண்டு எடுத்ததுபோல் எனக்குத் தோன்றவில்லை. ஐந்து வயதுக் குழந்தைக்குத் தாயோ தந்தையோதான் மாத்திரையை எடுத்துக் கொடுக்கிறார். கண்காணிப்பு ஏற்கெனவே நடக்கிற வீட்டில் குறுஞ்செய்தி புதிதாக யாரையும் அழைத்து வருவதில்லை. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் புட்டி பிள்ளையின் கைக்கு மாறுகிறது, பெற்றோர் ‘போட்டுக்கிட்டியா?’ என்று கேட்பதோடு நின்றுகொள்கிறார்கள். விலகிப்போன அந்தப் பெரியவரை மறுபடி அறைக்குள் கூட்டி வருவதுதான் அந்தச் செய்தி செய்த வேலை என்பது என் ஊகம். எண்கள் இந்த ஊகத்துக்கு இசைவாகவே இருக்கின்றன. எதிர்வாசிப்போ, பயன் ஏன் குறிப்பிட்ட வயதுக்கு மேல் மட்டும் தெரிகிறது என்பதைத் தொடுவதே இல்லை.

‘நினைவூட்டல் தோற்றது’ என்ற வாசிப்புக்கு அடியில், மாத்திரை தவறுவதற்கு மறதிதான் காரணம் என்ற எடுகோள் இருக்கிறது. அது இவ்வளவு காலம் நிலைத்ததற்கு, குடும்பங்களே அப்படிச் சொல்வது ஒரு காரணம். ஆனால் அந்த வாக்குமூலத்தின் எடை என்ன? 2017-இல் பிளட் இதழில் வெளிவந்த ஒப்பீட்டில், 416 நோயாளிகளில் 84 சதவீதத்தினர் ஒருமுறையேனும் மூடி பதிந்ததைவிடக் கூடுதலாக மருந்து உட்கொண்டதாகக் கூறியிருந்தார்கள். எத்தனை நாள் என்பதிலேயே இந்த நிலை என்றால், ஏன் என்ற கேள்விக்கு ‘மறந்துவிட்டது’ என வரும் விடையை அப்படியே நம்ப எனக்குத் துணிவில்லை. மருத்துவரிடம் சொல்வதற்குக் கூச்சம் தராத விடை அது ஒன்றுதான்.

மறதி மட்டுமே காரணமல்ல என்பதற்கு, நினைவூட்டவே செய்யாத ஒரு கருவியும் சாட்சி சொல்கிறது. ரீ-மிஷன் என்பது கைபேசி விளையாட்டு அல்ல, கணினி விளையாட்டு. உடலுக்குள் புகுந்து புற்றணுக்களைச் சுட்டு வீழ்த்தும் கதை. 2008-இல் பீடியாட்ரிக்ஸ் இதழில் வெளியான சோதனையில் 34 மருத்துவ மையங்களைச் சேர்ந்த, 13 முதல் 29 வயது வரையிலான 375 பேர் பங்கேற்றார்கள். ஒப்பீட்டுப் பிரிவினர் கடையில் விற்கும் ஓர் இண்டியானா ஜோன்ஸ் விளையாட்டை மட்டும் ஆடினார்கள். ரீ-மிஷன் ஆடியவர்களிடம் மூடிப் பதிவிலும் ரத்தப் பரிசோதனையிலும் மருந்து ஒழுங்கு உயர்ந்தது. தாங்களே சொன்ன ஒழுங்கில் வேறுபாடு தெரியவில்லை. விளையாட்டு யாருக்கும் மணியடிக்கவில்லை. நோயை எதிர்க்கத் தன்னால் முடியும் என்ற எண்ணத்தைத்தான் வளர்த்தது.

மூடியைத் திறப்பதும் மாத்திரையை விழுங்குவதும் ஒன்றல்ல என்ற ஆட்சேபம் சரிதான். ஆனால் அது இரு பிரிவுக்கும் பொதுவானது. இளைஞரின் தன்னுரிமையைக் கண்காணிப்பு குலைக்கும் என்பாரும் உண்டு. நோய் திரும்பினால் மறுபடி மருத்துவமனைப் படுக்கையில் எவ்வளவு தன்னுரிமை மிஞ்சும் என்று அவர்கள் கணக்கிட்டதாகத் தெரியவில்லை.

இனி வேண்டியது மூன்று பிரிவுகள் கொண்ட சோதனை: பிள்ளையின் கைபேசிக்கு மட்டும் செய்தி, பெற்றோரின் கைபேசிக்கு மட்டும் செய்தி, செய்தியே இல்லாத கண்ணெதிர்க் கண்காணிப்பு. 12 வயதுக்கு மேற்பட்டவர்களில், தொடக்க மாதத்திலேயே 90 சதவீதத்துக்குக் கீழே இருப்பவர்களை மட்டும் அதில் சேர்க்க வேண்டும். முதல் பிரிவும் மூன்றாம் பிரிவுக்கு இணையாக உயர்ந்தால், மறதிக் கொள்கையை நான் ஏற்றுக்கொள்வேன்.