ஷாஃப்ட்டின் மறுமுனை

பழைய கணினிகளை ஓட வைத்துப் பார்க்கிறவர்களிடையே தீராத வழக்கு ஒன்று உண்டு. தேய்ந்துபோன பிளாப்பி டிரைவைக் கழற்றிவிட்டு, அதே 34 பின் கேபிளில் கோடெக் என்ற சிறு பெட்டியை மாட்டி, யூஎஸ்பி குச்சியிலிருந்து தகவலை ஊட்டினால் கணினிக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் அது இன்னும் அந்தப் பழைய கணினிதானா? சோனி 2011-ல் பிளாப்பி உற்பத்தியை நிறுத்திய பிறகு இதை வறட்டு வாதம் என்று தள்ளவும் முடியாது. கண்டியைச் சூழ்ந்த மலைகளில் இதற்கு எப்போதோ விடை கிடைத்துவிட்டது என்பேன். விடை சொன்னவை தேயிலை ஸ்டோர்கள், அதாவது தேயிலைத் தொழிற்சாலைகள்.

லூல்கந்துரவில் 1867-ல் 19 ஏக்கரில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லர், முதலில் பங்களா விறாந்தையில் மேசை போட்டுக் கொழுந்தைக் கையாலேயே உருட்டச் செய்தார். 1869-ல் தலைகாட்டிய இலைத்துரு நோய் கோப்பியைத் தின்று தீர்க்க, தேயிலை மலை மலையாகப் பரவியது. கைகள் போதவில்லை, ரோலர் வந்தது. வரிமேடுகள் பதித்த வட்ட மேசை, அதன்மேல் அடியில்லாத உருளை. மூன்று கிராங்குகள் உருளையை வட்டமாக இழுத்துச் செல்ல, மேலிருந்து மூடியைத் திருகி அழுத்தம் கொடுப்பார்கள். கொழுந்து கசங்கிச் சாறு கசியும், பச்சை செம்பாகும். இந்தச் சுழற்சியைத் தருவது எது என்பது ரோலருக்குப் பொருட்டே இல்லை. அதற்குத் தெரிந்ததெல்லாம் கட்டடத்தின் நீளத்துக்கு ஓடிய ஷாஃப்ட்டும், புல்லியும், தோல் பெல்ட்டும்தான். ஷாஃப்ட்டின் மறுமுனையில் ஓரிடத்தில் நீர்ச்சக்கரம், இன்னோரிடத்தில் விறகு தின்னும் நீராவி எஞ்சின், பிறகு எண்ணெய் எஞ்சின். 1950-ல் லக்சபான நீர்மின் திட்டத்தின் முதற்கட்டம் இயங்கத் தொடங்கி, மின்கம்பி மலையேறியபின் மோட்டார். மறுமுனை மாறிக்கொண்டே இருந்தது. ரோலர் அதே வட்டத்தைச் சுற்றியது. ஸ்டோருக்குள் தொழிலாளர் வணங்கும் ரோதை முனியும் எஞ்சினின் வகையைக் கேட்டதாகத் தெரியவில்லை.

இதை மறுப்பவர் ஹந்தானையைக் காட்டலாம். 1925-ல் கட்டிய நான்கு மாடி ஸ்டோர் அங்கே 2001 முதல் தேயிலை நூதனசாலையாக இருக்கிறது. பழைய எஞ்சின்கள் எதுவும் மாற்றப்படாமல் அங்கே நிற்கின்றன, உண்மையான பாதுகாப்பு அதுவல்லவா என்பார். அவை நிற்கின்றன என்பதுதான் விஷயம். உருட்டுவதற்கென்று பிறந்த இயந்திரம் உருட்டாமல் நிற்பதில் எவ்வளவு அசல் மிச்சம்? நீராவி எஞ்சினோடுதான் ரோலர் என்று அன்று யாராவது பிடிவாதம் பிடித்திருந்தால், கொதிகலன் ஓட்டையான நாளிலேயே இரண்டும் சேர்ந்து பழைய இரும்புக்குப் போயிருக்கும். மாற்றியவர்கள் மரபைக் காக்க மாற்றவில்லை, செலவைப் பார்த்தே மாற்றினார்கள் என்றால் ஒப்புக்கொள்கிறேன். பிழைத்த ரோலருக்கு அதனால் ஒரு குறையும் வந்துவிடவில்லை.

இதைவிடக் கனமான மறுப்பு வேறு. சத்தத்தை வைத்தே எஞ்சினின் நோயைச் சொன்ன ஆட்களின் தொழில் மோட்டாரோடு போனது. கோடெக்கிலும் ஒரு குட்டி ஸ்பீக்கரைப் பொருத்திப் பழைய டிரைவின் கடகடப்பை வரவழைக்கலாம். போனது ஓசை மட்டும் என்றால் அது போதும். கைப்பழக்கத்துக்கு அப்படி ஒரு மாற்று கிடையாது, இந்த இழப்பை எதனாலும் ஈடுகட்டிவிட்டதாகச் சொல்ல மாட்டேன். அதோடு, புதிய மறுமுனை புதிய தளையையும் கொண்டுவருகிறது. தன் ஓடையை நம்பியிருந்த ஸ்டோர் இப்போது தீவு முழுவதற்குமான மின்கம்பியை நம்ப வேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்டபோது, டீசலும் இல்லாத நிலையில், அதன் விலை தெரிந்தது. ஆனால் ஒரு முறை மாற்றியது மாற்றியதாகவே இருக்க வேண்டும் என்றும் இல்லை. மலையகத் தோட்டங்கள் சிலவற்றில் கைவிட்ட நீர்ச்சக்தி அமைப்புகளை 1980களில் மறுபடி ஓட வைத்தார்கள். டர்பைனின் வேகத்தைக் கட்டுப்படுத்தப் பழைய இயந்திர கவர்னருக்குப் பதிலாக ஒரு மின்னணுப் பெட்டியை வைத்தார்கள்.