தீயணைப்பு வானொலியைக் கேட்டிருந்தவர்கள்

ஸ்கேனர் என்றதும் நமக்கு மருத்துவமனையோ கணினிக் கடையோதான் நினைவுக்கு வரும். அமெரிக்காவில் அச்சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு. காவல், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் துறையினர் தமக்குள் பேசிக்கொள்ளும் வானொலி அலைவரிசைகளை ஒன்றன்பின் ஒன்றாகத் துழாவி, குரல் எழும் இடத்தில் நின்று ஒலிக்கும் சிறு பெட்டி அது. சமையலறை மேடையில் அதை வைத்துக்கொண்டு, ஊரில் எங்கே தீ என்று கேட்டபடி இருந்தோர் அங்கே பலர். ஒட்டுக்கேட்கும் வழக்கம் என்று இகழ்ந்துவிடலாம். ஆனால் அவர்கள் கதையைத் தொடர்ந்தால், தீயைப் பற்றிய செய்தி யாருக்கு உரியது என்ற வினாவில் போய் நிற்கிறோம்.

தொடக்கத்தில் அது ஊருக்கே உரியதாக இருந்தது. 1852இல் பாஸ்டன் நகரம் தந்திவழித் தீ எச்சரிக்கையை ஏற்படுத்தியது. தெருமுனைப் பெட்டிகளுக்கு எண்கள் உண்டு. ஒரு பெட்டியை இயக்கினால் அதன் எண் மணியோசையாக நகரெங்கும் ஒலிக்கும். 1872 நவம்பர் 9 இரவு 52ஆம் எண் ஒலித்தது. ஐந்து அடி, சிறு இடைவெளி, இரண்டு அடி. நகரின் வணிகப் பகுதியை அழித்த பெருந்தீயின் அறிவிப்பு அதுவே. தீயணைப்பு ஆர்வலர்கள் பின்னாளில் தம் சங்கத்துக்கு அவ்வெண்ணையே பெயராக இட்டுக்கொண்டனர். மணியை எண்ணத் தெரிந்த எவரும் அறியக்கூடிய மறைமொழி அது.

1928இல் டெட்ராய்ட் காவல்துறை ரோந்து வண்டிகளுக்கு வானொலிவழிச் செய்தி அனுப்பத் தொடங்கியது. இத்தகைய நிலையங்கள் பின்னர் வழக்கமான ஒலிபரப்புக்கு ஒட்டி மேலிருந்த அலைவரிசைகளில் இயங்கியதால், வீட்டு வானொலியின் முள்ளைச் சற்றே நகர்த்தினால் போதும். 1930களின் பெட்டிகள் பலவற்றில் ‘போலீஸ்’ என்ற சொல்லே முகப்பில் அச்சாகியிருந்தது! பின்னர் துறைகள் பண்பலைக்கும் உயர் அலைவரிசைகளுக்கும் மாறியதும் வீட்டுப் பெட்டிகள் ஊமையாயின.

அந்த இடைவெளியை நிரப்ப வந்தவையே ஸ்கேனர்கள். தொடக்ககாலக் கருவிகளில் ஒவ்வோர் அலைவரிசைக்கும் ஒரு படிகத் துண்டு தனியே வாங்கிப் பொருத்த வேண்டும். துறை தன் அலைவரிசையை மாற்றிவிட்டால் பழைய படிகம் வெறும் சில்லு. புதியது கிடைக்கும்வரை அந்த வீட்டில் மௌனம். 1970களின் பிற்பாதியில் எண்களைத் தட்டினாலே அலைவரிசையைப் பிடிக்கும் கருவிகள் பரவின. பிறகு ‘டிரங்கிங்’ முறை வந்தது. ஒரே உரையாடலின் வினா ஓர் அலைவரிசையிலும் விடை மற்றொன்றிலும் போகும்படி கணினி பகிர்ந்தளித்தது. அதைத் தொடரவல்ல கருவியை யூனிடன் நிறுவனம் 1997இல் விற்பனைக்குக் கொணர்ந்தது. 2013 ஜனவரி 1 முதல் அலைவரிசையின் அகலத்தை 25 கிலோஹெர்ட்சிலிருந்து 12.5க்குக் குறைக்க வேண்டும் என்ற ஆணை நடைமுறைக்கு வந்தபோது, பழைய கருவிகளில் குரல்கள் மெலிந்து கேட்டன.

இதுவரை துன்பம் கேட்போருக்கு மட்டுமே. டிஜிட்டல் வந்தபோது தீக்குள் நிற்பவனுக்கும் அது நேர்ந்தது. மனிதக் குரலின் வார்ப்பைக் கணித்துச் சுருக்கி அனுப்பும் முறை அது. அறுவை இயந்திரத்தின் இரைச்சலும், முதுகில் சுமக்கும் காற்றுக்கலம் தீரும்போது ஒலிக்கும் எச்சரிக்கையும் கலந்தால் பேச்சே சிதைந்துபோகும். இரைச்சலின்றித் தீயணைப்பு ஏது? நியூயார்க் தீயணைப்புத் துறை 2001 மார்ச்சில் புதிய டிஜிட்டல் கருவிகளை வழங்கியது. குவீன்ஸ் பகுதித் தீவிபத்தொன்றில் சிக்கிய வீரரின் அபயக்குரல் அருகிருந்தோருக்கு எட்டவில்லை என்றதும் சில நாட்களிலேயே அவற்றைத் திரும்பப் பெற்றது. அவ்வாண்டு செப்டம்பர் 11 அன்று வீரர்கள் பழைய கருவிகளோடுதான் உலக வர்த்தக மையத்தின் படிகளில் ஏறினர். 343 பேர் இறந்தனர்.

அன்றைய வானொலிப் பதிவுகளைத் தர நகர நிர்வாகம் மறுத்தது. நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் 2002இல் வழக்குத் தொடுத்தது; இறந்தோரின் குடும்பத்தார் சிலரும் உடன் நின்றனர். மாநில உச்ச அமர்வின் தீர்ப்புக்குப் பின் 2005 ஆகஸ்டில் பதிவுகள் வெளிவந்தன. அதற்கு முன்பே, 2002இல், வேறொரு பதிவு வெளியாகியிருந்தது. தெற்குக் கோபுரத்தின் 78ஆம் மாடியை எட்டிய அதிகாரி ஓரியோ பாமரின் குரல் அதில் இருக்கிறது. தீயணைப்போர் அவ்வளவு உயரம் சென்றிருக்க முடியாது என்ற எண்ணத்தைக் கலைத்தது அந்த ஒலிநாடாவே.

மறையாக்கம் செய்யப்படாத பொதுப்பாதுகாப்பு அலைகளைக் கேட்க 1986ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் இடமளிக்கிறது. சில மாநிலங்கள் வண்டிகளில் ஸ்கேனர் வைத்திருப்பதற்குத் தடை விதித்துள்ளன. மறையாக்கிவிட்டால் சட்டம் தரும் இடமும் பயனற்றது. நியூயார்க் காவல்துறை 2023இல் புரூக்ளின் பகுதியிலிருந்து மறையாக்கத்தைத் தொடங்கியது. குற்றவாளி கேட்டுவிடுவான் என்பது காவல்துறையின் வாதம். அதில் ஓரளவு நியாயம் உண்டு. நோயாளியின் பெயரும் முகவரியும் ஊரறியப் போகலாகாது என்பதையும் ஏற்கிறோம். ஆனால் தீ எவர் பேச்சையும் ஒட்டுக்கேட்பதில்லை. காவல்துறையோடு ஒரே அமைப்பைப் பகிர்ந்துகொள்வதால் மட்டுமே தீயணைப்புக் குரல்களும் சில ஊர்களில் பூட்டப்படுவதை நம்மால் ஏற்க இயலவில்லை.

இன்னொரு புறம், இரைச்சலுக்கு அஞ்சிப் பல துறைகள் தீ எரியும் இடத்தில் மட்டும் பழைய அனலாக் முறையையே வைத்துக்கொண்டிருக்கின்றன. கோபுரங்களின் துணையின்றிக் கைக்கருவியிலிருந்து கைக்கருவிக்கு நேரே செல்லும் அலை அது. சிறிது தொலைவிலேயே தேய்ந்துவிடும். சமையலறை மேடைக்கு அது வந்து சேராது. அதைக் கேட்க விரும்புவோர் பழைய ஸ்கேனரைக் கையில் எடுத்துக்கொண்டு, புகை தெரியும் தெருவரை நடந்துதான் செல்ல வேண்டும்.