பெருங்காமநல்லூர்: ஒரு போரின் முதற்களம்

ஆண்டிபட்டிக் கணவாயைக் கடந்து கிழக்கே இறங்கினால் உசிலம்பட்டிச் சீமை. அதன் தெற்கே சேடபட்டி வட்டாரத்தில் உள்ளது பெருங்காமநல்லூர். 1920 ஏப்ரல் 3 அன்று அங்கு நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் 16 பேர் மாண்டனர். அதனைத் 'தென்னகத்தின் ஜாலியன் வாலாபாக்' என்று எழுதுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. பெருமை சேர்க்கும் நோக்கில் சொல்லப்படுவதே எனினும், அத்தொடர் ஓர் உண்மையை மறைத்துவிடுகிறது என்பது நம் கருத்து.

1919-இல் அமிர்தசரஸில் சுடப்பட்டோர், மதில் சூழ்ந்த திடலில் வெறுங்கையராய்க் கூடியிருந்தவர்கள். பெருங்காமநல்லூர்ப் பிறமலைக் கள்ளர்களோ, பதிவேட்டுடன் வந்த காவல்படையை எதிர்த்தே நின்றவர்கள். துப்பாக்கிகளுக்கு முன் கையிற் கிடைத்த ஆயுதங்களே அவர்களிடம் இருந்தன. ஆகவே அது படுகொலை மட்டுமன்று. சொந்த மண்ணின் அரசோடு மக்கள் தொடுத்த போரின் முதற்களமும் ஆகும்.

போர் எதன்பொருட்டு? 1911-ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம், ஒரு சமூகம் முழுவதையும் குற்றவாளிகளென அறிவிக்கும் அதிகாரத்தை அரசுக்கு அளித்தது. அவ்வறிவிப்பு செல்லுமா என்று நீதிமன்றத்தில் கேட்கவும் இடமில்லை. பதிவுக்குள்ளானவர் கைரேகை பதிய வேண்டும்; குறித்த வேளையில் காவலர்முன் ஆஜராக வேண்டும்; ஊர்விட்டுச் செல்வதையும் தெரிவிக்க வேண்டும். உழுது பிழைத்தவனுக்கும் இதுவே விதி. செய்யாத குற்றத்திற்கு ஒப்புதல் எழுதித் தருவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

மாண்ட 16 பேரில் மாயக்காள் என்னும் பெண்ணும் ஒருவர். காயமுற்றோர்க்குத் தண்ணீர் கொடுக்கச் சென்றவர் என்று ஊரார் இன்றும் சொல்கின்றனர்.

அக்களத்தில் மக்கள் தோற்றனர்; பதிவும் தொடர்ந்தது. ஆயினும் எதிர்ப்பு ஓயவில்லை. வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப் அவர்களுக்காக வாதாடினார். 'ரோசாப்பூ துரை' என்று மக்கள் அவரை அன்போடு அழைத்தனர். பின்னர் முத்துராமலிங்கத் தேவர் அச்சட்டத்திற்கு எதிராக ஊர்தோறும் பேசினார். 1947-இல் சென்னை மாகாணத்தில் சட்டம் நீக்கப்பட்டது. முதற்களத்திலிருந்து அதற்கு 27 ஆண்டுகள் தேவைப்பட்டன.

வரலாற்றில் ஓர் ஊர் இடம்பெறுவதற்கு வேறோர் ஊரின் பெயர் துணைநிற்க வேண்டுமா? நாம் இப்போதெல்லாம் வகுப்பறையில் அடைமொழி ஏதுமின்றிப் பெருங்காமநல்லூர் என்றே சொல்கிறோம். அது எங்கே இருக்கிறது என்று மாணவர்கள் கேட்கிறார்கள். கணவாய்க்கு அப்பால்தான் என்கிறோம்.