நஞ்சியம்மாவும் சுருதிப்பெட்டியும்

கோவையிலிருந்து ஆனைகட்டி வழியாக மேற்கே போனால், சோதனைச்சாவடியைத் தாண்டியதுமே அட்டப்பாடி. பெயருக்குப் பாலக்காடு மாவட்டம். வறண்ட கிழக்குச் சரிவும் கடைவீதிப் பேச்சும் தமிழ்நாட்டுப் பக்கத்தையே நினைவூட்டும். பவானியும் இங்கே கிழக்கு நோக்கித்தான் திரும்புகிறது. 1951 கணக்கெடுப்பில் இந்த மலையில் பத்தில் ஒன்பது பேர் பழங்குடியினர். இருளர், முடுகர், குறும்பர். இன்று அவர்கள் பாதிகூட இல்லை. நிலம் கைமாறிய அந்தக் கதை தனியாக எழுத வேண்டியது. இந்த வாரம் பாட்டு.

இருளர் பாட்டைத் தனி ஒருவர் நின்று பாடுவது வழக்கமில்லை. கொகல் என்ற குழலை ஊத ஆரம்பித்ததும் பெறை மேளமும் தவிலும் ஜால்ராவும் சேர்ந்துகொள்ளும். ஆண்களும் பெண்களும் வட்டமாகச் சுற்றி ஆடுவார்கள். விதைப்புக்கும் ஆட்டம், சீருக்கும் ஆட்டம், சாவுக்கும் ஆட்டம். யார் கட்டிய பாட்டு என்று எவரும் கேட்பதில்லை.

அந்த வட்டத்திலிருந்து வந்தவர்தான் நக்குப்பதி ஊர் நஞ்சியம்மா. ஆடு மாடு மேய்த்துக்கொண்டே, பழனிசாமி என்பவர் நடத்திய ஆசாத் கலா சமிதி என்ற குழுவோடு மேடைகளில் பாடி வந்தார். அட்டப்பாடியைக் களமாக வைத்து ‘அய்யப்பனும் கோஷியும்’ என்ற மலையாளப் படத்தை எடுக்க வந்த இயக்குநர் சச்சிக்கு, அந்தக் குழு வழியாகத்தான் இவர் அறிமுகமானார். சச்சி யார், நடிகர் பிருத்விராஜ் யார் என்பதெல்லாம் நஞ்சியம்மாவுக்குத் தெரியாது. அவரே அதைச் சிரித்துக்கொண்டு சொல்லும் வீடியோ படத்துக்கு முன்பே ஊரெங்கும் ஓடிவிட்டது.

படத்தில் அவர் பாடிய ‘களக்காத்தா’ பிள்ளைக்கு வேடிக்கை காட்டும் பாட்டு. கிழக்கே சந்தன மரம் பூத்திருக்கிறது, பூப்பறிக்கப் போகலாமா, விமானம் பார்க்கலாமா என்று போகிறது. மரத்துக்குப் பக்கத்திலேயே விமானம்! பழம்பாட்டு என்றால் பழையதை மட்டுமே பாடும் என்று நினைப்பவர்கள் இதைக் கேட்க வேண்டும். இசையமைப்பாளர் ஜேக்ஸ் பிஜோய் அந்தக் குரலைத் திருத்தி மெருகேற்றப் போகவில்லை. அது பாட்டுக்கு முன்னால் நடக்க, வாத்தியங்களைப் பின்னால் வர விட்டார். 2020 பிப்ரவரியில் படம் வந்தது. ஜூன் 18 அன்று சச்சி காலமானார்.

குழுவில் பாடியவர் தனியாகப் பாட வந்தால், குழு உடைந்தது என்பதுதான் பாப் உலகத்து வழக்கமான செய்தி. ஸ்வீடனின் ‘அபா’ குழு கலையும் தறுவாயில், 1982-இல் அதன் பாடகி ஃப்ரிடா லண்டன்காரரான பில் காலின்ஸைத் தயாரிப்பாளராக வைத்துத் தனி ஆல்பம் போட்டார். நஞ்சியம்மா விஷயத்தில் யாரும் யாரையும் விட்டு விலகவில்லை. மைக் ஒருவர் முன்னால் வைக்கப்பட்டது, அவ்வளவுதான்.

2022 ஜூலையில் 68-வது தேசிய விருதுகள் அறிவிக்கப்பட்டன. நம் ஊரில் ‘சூரரைப் போற்று’ கொண்டாட்டம். சிறந்த பின்னணிப் பாடகி நஞ்சியம்மா. சிறந்த பாடகர் ராகுல் தேஷ்பாண்டே, இந்துஸ்தானியில் ஊறிய குடும்பத்துப் பேரன். ஒரே பட்டியலில் இந்த இரண்டு பெயர்களும் வந்தது எனக்குப் பிடித்திருந்தது. கேரளத்தில் சிலருக்குப் பிடிக்கவில்லை. சுருதி சேர்த்துப் பாடத் தெரியாதவருக்கு விருதா, வாழ்நாளெல்லாம் சாதகம் செய்தவர்களுக்கு இது அவமானமில்லையா என்று ஓர் இசைக்கலைஞர் கேட்க, சண்டை மூண்டது. பாடகி சித்தாரா போன்றவர்கள் நஞ்சியம்மா பக்கம் நின்றார்கள். ஷொர்ணூர்க்காரரான ஹரீஷ் சிவராமகிருஷ்ணனும் நின்றார். கர்நாடக இசையையும் ராக்கையும் கலக்கும் ‘அகம்’ குழுவின் பாடகர் அவர். சுருதி தெரியாதவர் என்று அவரை யாரும் சொல்லிவிட முடியாது.

கட்டை வைத்துப் பாடுவது கச்சேரி மேடையின் பழக்கம். கொகலுக்கு அந்தக் கணக்கு கிடையாது. ஆகவே சுருதிப் பஞ்சாயத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு உறுத்துவது வேறு. பாடலாசிரியர் என்ற இடத்திலும் நஞ்சியம்மாவின் பெயரே இருக்கிறது. சினிமா நிறுவனம் ஒன்று பழங்குடிப் பெண்ணுக்கு அந்த மரியாதையைக் கொடுத்தது நல்ல விஷயம். ஆனால் வட்டமாக நின்று பாடும் ஓர் ஊரின் மரபை எழுதிக்கொள்ள டைட்டில் கார்டில் எங்கே இடம்?

2022 செப்டம்பர் 30 அன்று டெல்லியில் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு, நாட்டின் முதல் பழங்குடிக் குடியரசுத் தலைவர், நஞ்சியம்மாவுக்கு விருதை வழங்கினார். அதற்குள் படம் தெலுங்கில் ‘பீம்லா நாயக்’ ஆகிவிட்டிருந்தது. அங்கே தலைப்புப் பாடலைத் தொடங்கி வைக்கத் தெலங்கானாவின் கின்னரை வாத்தியக் கலைஞர் மொகுலையாவைத் தேடிப் பிடித்தார்கள். அவர் கதை அடுத்த வாரம்.