விதை காத்த இருவர்: நெல் ஜெயராமனும் கமலா பூஜாரியும்

நெல் ஜெயராமன் 2018 டிசம்பர் 6 அன்று சென்னையில் காலமானார். கமலா பூஜாரி 2024 ஜூலை 20 அன்று கட்டக்கில். முன்னவர் திருவாரூர் மாவட்டம் திருத்துறைப்பூண்டிப் பக்கத்து விவசாயி. பின்னவர் ஒடிசாவின் கோராபுட் மாவட்டத்தில் பாத்ராபுட் என்ற சிற்றூரைச் சேர்ந்த பழங்குடிப் பெண். அஞ்சலிக் குறிப்புகளில் இருவருக்கும் கிடைத்தது ஏறத்தாழ ஒரே வரி: பாரம்பரிய நெல் ரகங்களைக் காப்பாற்றியவர். எண்ணிக்கை மட்டும் மாறியது. ஜெயராமனுக்கு 174 ரகங்கள் என்றார்கள். கமலாவுக்கு நூற்றுக்கும் மேல் என்று நிறுத்திக்கொண்டார்கள். அந்த ஒரே வரிக்குள் இருவரையும் அடைத்ததில் எனக்கு உடன்பாடில்லை. இருவர் செய்த வேலையும் ஒன்றல்ல, கிட்டத்தட்ட எதிரெதிரானது.

ஜெயராமன் தேடிப் போனவர். அறுபதுகளில் ஆடுதுறை 27 என்ற புது நெல் ரகம் வந்ததிலிருந்தே காவிரிப் படுகையின் பழைய நெல் ரகங்கள் வயலைவிட்டு ஒவ்வொன்றாக விலகத் தொடங்கிவிட்டன. 2003இல் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் பூம்புகாரிலிருந்து கல்லணைக்கு நடந்தபோது, வழியில் விவசாயிகள் காட்டுயானம் போன்ற சில ரகங்களின் விதையைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதைப் பெருக்கும் பொறுப்பு ஜெயராமனிடம் வந்தது. அங்கொரு பெரியவரிடம் ஒரு படி, இங்கொரு வீட்டுக் குதிரில் கொஞ்சம் என்று மிச்சமிருந்ததைத் தேடிச் சேர்ப்பதே அதற்குப் பிறகு அவர் வாழ்க்கை. 2006இல் திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் நெல் திருவிழாவைத் தொடங்கினார்.

அந்தத் திருவிழாவின் விதி எளிமையானது. 2 கிலோ விதையை இலவசமாக வாங்கிப் போகிறவர், அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். என் கணக்கில் ஜெயராமனின் உண்மையான சாதனை 174 என்ற எண் அல்ல, இந்த விதிதான். திருப்பித் தர வேண்டுமென்றால் விதைத்தே ஆக வேண்டும். கலப்பில்லாமல் அறுத்து வைக்க வேண்டும். அடுத்த ஆண்டு கூட்டத்துக்கு வந்து நிற்க வேண்டும். குளிரூட்டிய அறையில் உறைபோட்டு வைத்த விதைக்கு இந்தக் கட்டாயம் எதுவும் கிடையாது.

கமலா பூஜாரிக்குத் தேடிப் போகும் தேவை பெரிதாக இருக்கவில்லை. கோராபுட்டின் ஜெய்ப்பூர் வட்டாரம் (இராஜஸ்தானத்து ஜெய்ப்பூர் வேறு) நெல்லின் பல்வகைமைக்குப் பேர்போன இடம். ஐம்பதுகளில் நடந்த கணக்கெடுப்பில் அங்கே 1,700க்கும் மேற்பட்ட நெல் ரகங்களைச் சேகரித்தார்கள். மலைச்சரிவு, நடுமேடு, பள்ளம் என நிலம் மாறிக்கொண்டே போகும், பெரும்பாலும் மானாவாரி. ஒரே குடும்பத்துக்குக்கூட மேட்டுக்கு ஒரு ரகம், பள்ளத்துக்கு ஒரு ரகம் தேவை. கலாஜீரா, மச்சகண்டா போன்ற நெல் ரகங்கள் அங்கே மரபுச் சின்னங்களாக அல்ல, சோறாகவே இருந்தன. அறுவடைக்கு முன் நல்ல கதிரைப் பார்த்து எடுத்து, காயவைத்து, அடுத்த பட்டத்துக்குப் பத்திரப்படுத்துவது வீட்டுப் பெண்களின் வேலை. கமலா செய்ததும் அதுதான். ரசாயன உரமும் புது ரகமும் மலையேறி வந்தபோது, கையிலிருப்பதை விட்டுவிடாதீர்கள் என்று ஊர் ஊராகப் போய்ச் சொன்னார். எழுதப் படிக்கத் தெரியாதவர் அவர்.

அவரை வெளியுலகம் அறிந்த வழியில் ஒரு முரண் இருக்கிறது. பாத்ராபுட்டில் விதை வங்கி அமையக் கைகொடுத்தது சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம். பசுமைப் புரட்சியின் தந்தை என்று பெயரெடுத்தவரின் நிறுவனம்தான் அந்தப் புரட்சி முழுதாக எட்டாத ஊரின் விதையைக் காக்கப் போனது. ஜெயராமனோ பசுமைப் புரட்சியை மேடைதோறும் எதிர்த்த நம்மாழ்வாரின் மாணவர். எதிரெதிர் முகாம்கள், வந்து சேர்ந்த இடம் ஒன்று. நம்மூர் விவாதங்களில் இந்த உண்மையை இரு தரப்பும் வசதியாகத் தாண்டிப் போய்விடுகின்றன.

புகழ் வந்த விதமும் வேறு. கமலா 2002இல் ஜோகன்னஸ்பர்க் வரை போய் ஈக்வேட்டர் விருது பெற்றார், 2018இல் ஒடிசா மாநிலத் திட்டக் குழுவில் உறுப்பினரானார், 2019இல் பத்மஸ்ரீ. ஜெயராமனுக்குப் பத்ம விருது எதுவும் இல்லை. பதிலாக, தமிழ்நாடு அரசு பள்ளிப் பாடநூலில் அவருக்கு இடம் தந்தது. மரபுசார் நெல் ரகங்களைப் பாதுகாக்கும் இயக்கத்துக்கு அவர் பெயரைச் சூட்டியது. அவரை வாசித்துத் தெரிந்துகொள்ளத் தமிழில் வேளாண் இதழ்களும் அவற்றுக்கென்று வாசகர்களும் இருந்தார்கள். கமலாவைச் சுற்றி இருந்தவை பெரும்பாலும் புகைப்படங்கள். 2022இல் சிறுநீரகக் கோளாறுடன் மருத்துவமனையில் இருந்த அவரை ஒருவர் வற்புறுத்தி ஆடவைத்துப் படம் பிடித்தார். அது ஒடிசாவில் பெரும் கண்டனத்துக்கு உள்ளானது. பழங்குடிக் கிழவி என்றால் ஆட்டம்தான் என்று நினைக்கும் மனம் பத்மஸ்ரீ பதக்கத்தைக் கண்டும் அடங்கவில்லை. இரண்டே ஆண்டில், அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு.

ஜெயராமனை நினைவுகூர்வதிலும் குறை உண்டு. இன்று மாப்பிள்ளைச் சம்பா நகரத்துக் கடைகளில் அழகான பொட்டலத்தில் கிடைக்கிறது. ஒவ்வொரு ரகமும் ஒரு நோயைத் தீர்க்கும் என்ற பேச்சும் கூடவே வருகிறது. அவர் உழைப்புக்கு இந்த விளம்பரம் பெருமை சேர்க்காது. வெள்ளத்தில் நிற்கும், வறட்சி தாங்கும், வைக்கோல் தரும் என்பதே உழவருக்குப் போதுமான காரணம். 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவைப் புரட்டிப் போட்ட மூன்றே வாரத்தில் அவர் போனார் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். ஐம்பதை ஒட்டிய வயது.

இருவரில் யார் பெரியவர் என்ற கேள்வியே வேண்டாம். ஆனால் ஒன்று சொல்லலாம்: ஜெயராமன் போன்ற ஒருவர் தேவைப்பட்டதே, நம் ஊர்களில் கமலாக்கள் ஓய்ந்துபோனதால்தான். அவருக்கு விதை கொடுத்த கைகள் பலவற்றின் பெயர் நமக்குத் தெரியாது. குதிரின் அடியில் அதை வைத்திருந்த பெண்களின் பெயர் எங்கும் பதிவாகவில்லை. விதைத் திருவிழா நடத்தும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ரகத்தின் பெயர், வயது, உயரம் எழுதும் பதிவேட்டில், விதையைக் கொடுத்தவர் யார், அவர் வீட்டில் அதை யார் காத்தார் என்ற இரண்டு கட்டங்களையும் சேருங்கள். அவர்கள் உயிரோடு இருக்கும்போதே நிரப்புங்கள்.